ஊசிமுனையில் ஒரு துடிப்பு

முழங்கையை மடித்தால் வெளிப்பக்கமாக ஒரு கோடு விழும். அந்தக் கோடு முடிகிற இடத்துக்குச் சீன மருத்துவத்தில் சூச்சி என்று பெயர். முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கி, கால் எலும்பின் வெளியோரமாகத் தொட்டால் வருவது ட்சூசான்லி. பக்கவாதம் தாக்கிய கை கால்களில் மின் அக்குபங்சர் செய்பவர்கள் அதிகம் தேடிப் போகும் இடங்களில் இவை இரண்டும் சேரும். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசியை அங்கே இறக்கி, அதன் தலையில் சின்ன கிளிப்பை மாட்டி, ஒயரின் மறுமுனையைக் கைக்கு அடக்கமான ஒரு பெட்டியில் செருகுகிறார்கள். பெட்டியின் குமிழை மெல்லத் திருப்பும்போது, ஒரு கட்டத்தில், மூன்று வாரமாக மரக்கட்டை போலக் கிடந்த கையின் விரல் நொடிக்கு இரண்டு தடவை துள்ளுகிறது. கட்டிலைச் சுற்றி நிற்கும் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய நம்பிக்கை என்ன இருக்க முடியும்? கை உயிர் பெற்றுவிட்டது என்றே தோன்றும். ஆனால் அந்தத் துள்ளல் சொல்வது வேறு. பக்கவாதத்தில் சேதமாவது மூளை. கையிலுள்ள நரம்பும் தசையும் முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் இருக்கின்றன. மேலிருந்து கட்டளை வரவில்லை, அவ்வளவுதான். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அந்தத் தசை துள்ளத்தான் செய்யும். ஆறு மாதத்தில் எழுந்து நடக்கப் போகிறவருக்கும் துள்ளும், நடக்கவே முடியாமல் போகிறவருக்கும் துள்ளும். ஆக, கண்ணால் பார்க்கிற இந்தத் துடிப்பு எதற்கும் சாட்சி ஆகாது. சாட்சியை வேறெங்கோ தேட வேண்டும். அதைத் தேடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வழக்கை ஒதுக்கிவிடலாம். அக்குபங்சர் என்றாலே கிழக்கா மேற்கா, பாரம்பரியமா விஞ்ஞானமா என்று பேச்சு திரும்பிவிடுகிறது. மின் அக்குபங்சர் விஷயத்தில் அந்தப் பிரிவினை செல்லாது. ஊசியில் மின்சாரத்தை ஓடவிட்டு 1825-இல் நூல் எழுதியவர் சார்லாந்தியே என்ற பிரெஞ்சு மருத்துவர். சீனாவில் இந்த முறை பரவலானது 1950-களில்தான். புதிய அரசு தன் பழைய மருத்துவத்தை மருத்துவமனைகளுக்குள் கொண்டுவந்து, அதற்கு நவீன உபகரணங்களும் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பெட்டியும் ஒயரும் குமிழும் எந்தப் பழஞ்சுவடியிலும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டு அனுபவம் என்று சொல்லி இதை விற்பவர்களுக்கும், மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளுபவர்களுக்கும் இந்த வரலாறு கொஞ்சம் சங்கடமானது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்ற பலகையின் கீழ் நடப்பவற்றில் ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்பும் முறையும் உண்டு. பெயர் ஒன்று என்பதால் மின் அக்குபங்சரின் ஆய்வு முடிவுகளை, நல்லதோ கெட்டதோ, அதன் கணக்கில் எழுத முடியாது.

ஊசி வழியே போகும் மின்சாரம் நரம்பு மண்டலத்தில் நிஜமாகவே ஏதோ செய்கிறது. இதில் இன்று பெரிய சந்தேகம் இல்லை. பெய்ஜிங்கில் ஹான் ஜீஷெங் என்ற உடலியங்கியல் பேராசிரியர் 1960-களிலிருந்து இதை ஆராய்ந்தார். ஊசி போட்ட முயலின் மூளைத் தண்டுவட நீரை எடுத்து, ஊசி போடாத முயலுக்குச் செலுத்தினார். இரண்டாவது முயலுக்கும் வலி குறைந்தது. அப்படியானால் ஏதோ ஒரு ரசாயனம் உள்ளே சுரக்கிறது என்றாகிறது. பின்னால் அவர் குழு அதைப் பிரித்தே காட்டியது: நொடிக்கு 2 துடிப்பு கொடுத்தால் என்கெஃபலின், எண்டார்ஃபின் வகைகள், 100 துடிப்பு கொடுத்தால் டைனார்ஃபின். உடல் தானே தயாரிக்கும் வலிநிவாரணிகள் இவை. 2021-இல் ஹார்வர்டில் இருந்த சியூஃபூ மாவின் குழு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. எலியின் பின்னங்காலில், ட்சூசான்லி இருக்கும் இடத்தில், அரை மில்லி ஆம்பியர் மின்சாரம் கொடுத்தால் அது வேகஸ் என்ற நீண்ட நரம்பைத் தூண்டி, சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி வரை போய், உடலின் அழற்சியைத் தணித்தது. அதே அளவு மின்சாரத்தை வயிற்றில் கொடுத்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. காலின் ஆழத்தில் ஒரு குறிப்பிட்ட வகை உணர்நரம்புகள் இருக்கின்றன, வயிற்றின் அந்தப் பகுதியில் அவை இல்லை என்பதே காரணம். எலியில் அந்த நரம்புகளை நீக்கியபோது காலிலும் பலன் போய்விட்டது. எந்த இடத்தில் குத்தினாலும் ஒன்றுதான் என்று அடித்துப் பேசியவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டியதாயிற்று. ‘சி’ எனும் உயிராற்றல் ஓடும் பாதைகளை இது நிரூபித்துவிடவில்லை. நரம்புகளின் உடற்கூறைத்தான் காட்டியது. ஆனாலும் இடம் முக்கியம் என்பதை அது காட்டியது.

அழற்சி தணிகிறது, வலி குறைகிறது. இதற்கும் மூளை மீள்வதற்கும் என்ன தொடர்பு? பக்கவாதத்தில் பெரும்பாலானவை மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று அடைபடுவதால் வருபவை. மற்றவை குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருபவை. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று 2006-இல் கணக்கிட்டார்கள். செத்த செல் திரும்ப வராது. ஆனால் செத்த பகுதியைச் சுற்றி ஊசலாடிக்கொண்டிருக்கும் ஒரு வளையம் உண்டு. அதில் ஒரு பங்கு பிழைக்கிறது; வீக்கம் வடிகிறது; மிச்சமிருக்கும் மூளை புதிய இணைப்புகளைப் போட்டுக்கொண்டு பழைய வேலையை வேறு வழியில் செய்யக் கற்கிறது. மூளை மீள்கிறது என்று நாம் சொல்வது இத்தனையும் சேர்ந்ததைத்தான். இந்த இடத்தில்தான் மின் அக்குபங்சர் உள்ளே வருகிறது. கை காலிலிருந்து மூளைக்கு விடாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்தால் இணைப்புகள் வேகமாக விழும், நரம்பு வளர்ச்சிப் புரதங்கள் கூடும், அழற்சி அடங்கும் என்பது அதன் ஆதரவாளர்களின் வாதம். கேட்பதற்கு நியாயமான வாதம்தான்.

சீன ஆய்வுக்கூடங்களில் எலிகளிடம் இது மீண்டும் மீண்டும் பலித்திருக்கிறது. எலியை மயக்கி, கழுத்து ரத்தக் குழாய் வழியாக ஒரு மெல்லிய நைலான் இழையை உள்ளே தள்ளுகிறார்கள். அது மூளையின் நடுத் தமனியை அடைத்துக்கொள்கிறது. ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து இழையை உருவிவிட்டால் பக்கவாதம் வந்த எலி தயார். அதற்கு மின் ஊசி போட்டு, சில நாள் கழித்து மூளையை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தால், ஊசி போடாத எலியைவிடச் செத்த பரப்பு குறைவு; வளர்ச்சிப் புரதம் அதிகம்; நடையும் மேல். இப்படிக் கட்டுரைகள் ஏராளம். பிரச்சினை என்னவென்றால், பக்கவாத ஆராய்ச்சியில் எலி நம்மைக் கைவிட்ட கதையும் அதே அளவுக்கு ஏராளம். 2006-இல் ஒரு குழு அதுவரை சோதிக்கப்பட்ட பக்கவாதச் சிகிச்சைகளை உட்கார்ந்து எண்ணியது. 1026 வந்தது. எலியிலும் முயலிலும் மூளையைக் காப்பாற்றிய மருந்துகள் நூற்றுக்கணக்கில். மனிதனில் மூளையைக் காத்ததாக ஒன்றும் தேறவில்லை. அதே 2006-இல் என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து 1700 நோயாளிகளுக்கு மேல் நடந்த பரிசோதனையில் பலன் காட்டியது. மறு ஆண்டு 3300 பேரிடம் திரும்பச் செய்தபோது பலன் காணாமல் போயிற்று. பன்னாட்டு மருந்துக் கம்பெனி, சுத்தமான ரசாயனம், நுட்பமான ஆய்வுக்கூடம் எல்லாம் இருந்தும் அதுதான் கதி. ஆய்வுக்கூட எலி இளசு. சர்க்கரை நோய் இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, அடைப்பு எத்தனை மணிக்கு வந்தது என்பது கடிகாரத்தோடு தெரியும். அறுபத்தைந்து வயது மனிதர் விடியற்காலையில் பாத்ரூமில் விழுந்து கிடப்பதற்கும் அதற்கும் வெகு தூரம். சில எலி ஆய்வுகளில் பக்கவாதத்தை உண்டாக்குவதற்கு முன்பே நாள் கணக்கில் உச்சந்தலையில் மின் ஊசி போட்டிருக்கிறார்கள்! மனிதர்களுக்கு அப்படி முன்கூட்டி நாள் குறித்துக் கொடுப்பவர் யாரும் இல்லை.

ஆகவே மனிதர்களிடம் வருவோம். இந்தத் துறையில் நான் மதிக்கிற ஆய்வு ஸ்வீடனில் நடந்தது. ஒரே ஆய்வாளர் இரண்டு முறை செய்தது என்பதே அதன் சிறப்பு. லுண்ட் நகரில் பார்ப்ரோ யோஹான்சன் என்ற நரம்பியல் நிபுணர் 1993-இல் 78 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். எல்லோருக்கும் ஒரு பக்கம் கடுமையாகச் செயலிழந்திருந்தது. எல்லோருக்கும் வழக்கமான பிசியோதெரபி உண்டு. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும், பக்கவாதம் வந்த பத்து நாட்களுக்குள் தொடங்கி, வாரம் இரண்டு முறையாகப் பத்து வாரம் ஊசியும் மின்சாரமும் கூடுதலாகக் கிடைத்தன. ஊசிக் குழு தெளிவாக முந்தியது. நடப்பதில், உடலின் சமநிலையில், அன்றாடக் காரியங்களைத் தானே செய்துகொள்வதில், மருத்துவமனையிலும் பராமரிப்பு இல்லத்திலும் கழித்த நாட்கள் குறைந்ததில், எல்லாவற்றிலும் மேல். மின் அக்குபங்சருக்கு ஐரோப்பாவில் கிடைத்த வலுவான சான்று அது. இன்றும் அதை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. யோஹான்சன் அங்கே நிற்கவில்லை. அந்த ஆய்வில் ஒரு ஓட்டை இருந்தது, அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது. ஊசிக் குழுவுக்கு ஊசி மட்டுமா கூடுதலாகக் கிடைத்தது? வாரத்துக்கு இரண்டு தடவை ஒருவர் வந்து பக்கத்தில் உட்காருகிறார், கையைத் தொடுகிறார், இன்று எப்படி இருக்கிறது என்று கேட்கிறார், புதிதாக ஏதோ நடக்கிறது என்ற எதிர்பார்ப்பைத் தருகிறார். மற்றக் குழுவுக்கு இதில் எதுவும் இல்லை. முந்தியது ஊசியாலா, உபசரிப்பாலா?

அதனால் அடுத்த ஆய்வில் அவரும் அவர் குழுவும் மூன்று பிரிவு வைத்தார்கள். ஏழு மருத்துவமனைகள், 150 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு மின்சாரத்தோடு கூடிய அக்குபங்சர். இரண்டாவது பிரிவுக்கு ஊசி இல்லாமல், தோலின் மேல் பட்டை ஒட்டித் தசை துள்ளும் அளவுக்கு மின்சாரம். நம் ஊர் பிசியோதெரபி மையங்களில் டென்ஸ் என்று சொல்கிறார்களே, அந்தக் கருவிதான். மூன்றாவது பிரிவுக்கும் அதே கருவி, அதே பட்டை, அதே நேரம்; ஆனால் உணரவே முடியாத அளவுக்கு மெல்லிய மின்சாரம். ஆக மூன்று பிரிவுக்கும் ஒரே அளவு கவனிப்பு, ஒரே அளவு எதிர்பார்ப்பு. பத்து வாரத்தில் இருபது அமர்வுகள். மூன்று மாதத்திலும் ஒரு வருடத்திலும் அளந்து பார்த்தார்கள். நடை, கை கால் இயக்கம், அன்றாட வேலை, வாழ்க்கைத் திருப்தி என எதிலும் மூன்று பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. முடிவு 2001-இல் ‘ஸ்ட்ரோக்’ இதழில் வந்தது. தன் பெயரைப் பிரபலமாக்கிய முடிவைத் தன் கையாலேயே திருத்தி எழுத மனம் வேண்டும். இடையில் 1998-இல் ஸ்வீடனின் யோத்தெபோரி நகரில் வேறொரு குழு 104 நோயாளிகளை வைத்து, ஆழமாகக் குத்தும் ஊசி, மேலோட்டமாகக் குத்தும் ஊசி, ஊசியே இல்லாதது என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்திருந்தது. அங்கேயும் வித்தியாசம் வரவில்லை.

என் வாதம் இதுதான்: மின் அக்குபங்சர் வேலை செய்கிறதா என்பது அரைக் கேள்வி. எதோடு ஒப்பிட்டு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுக் கேள்வி. கூடுதலாக ஒன்றும் செய்யாமல் விட்டதோடு ஒப்பிட்டால் சில ஆய்வுகளில் அது வெல்கிறது. அதே அக்கறையோடு வேறெதையாவது செய்ததோடு ஒப்பிட்டால் வெற்றி கரைகிறது. இன்னொரு ஒப்பீடும் உண்டு, அது காலத்தோடு. கோபன்ஹேகனில் சுமார் 1200 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வின்படி, நூற்றில் 95 பேருக்கு நரம்பியல் மீட்சி அதன் உச்சத்தை 11 வாரங்களுக்குள் தொட்டுவிடுகிறது. அந்த மீட்சி வேகமாக நடப்பது முதல் சில வாரங்களில். யாரோ ஒருவர் பக்கவாதம் வந்த இரண்டாவது வாரத்தில் ஒரு சிகிச்சையைத் தொடங்கினால், அது ஊசியோ, புறா ரத்தம் தடவுவதோ, கசாயமோ, எண்ணெய்த் தேய்ப்போ, அடுத்த இரண்டு மாதத்தில் ஆள் தேறியே தீருவார். பெயர் எண்ணெய்க்குப் போகும்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் சில வலுவானவை. முதலாவது, சீனாவில் பக்கவாத வார்டுகளில் தினம் ஆயிரக்கணக்கானோருக்கு இது செய்யப்படுகிறது, நூற்றுக்கணக்கான பரிசோதனைகள் நல்ல முடிவு சொல்கின்றன, அத்தனையும் பொய்யா என்பது. பொய் என்று யாரும் சொல்லவில்லை. 1998-இல் ஆண்ட்ரூ விக்கர்ஸும் சக ஆய்வாளர்களும் நாடு வாரியாக ஒரு கணக்கு எடுத்தார்கள். சீனாவில் வெளியான அக்குபங்சர் பரிசோதனைகள் அத்தனையும் சாதகமான முடிவையே சொல்லியிருந்தன, ஒன்று பாக்கியில்லாமல். அக்குபங்சரை விட்டுவிட்டு, சீனாவில் நடந்த மற்ற மருந்துப் பரிசோதனைகளைப் பார்த்தாலும் நூற்றுக்கு 99 சாதகம். எழுதிய எல்லோரும் பாஸ் என்றால் பரீட்சையின் மேல் சந்தேகம் வருவது இயற்கை. தோற்ற பரிசோதனை அச்சேறாமல் மேசை இழுப்பறைக்குள் தங்கிவிடுகிறது. இது சீனாவின் தனி நோயும் கிடையாது, அங்கே கொஞ்சம் முற்றிய நிலையில் இருந்தது. மருத்துவப் பரிசோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் 31 பரிசோதனைகளை, 2257 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்துவிட்டு, பலன் இருக்கலாம் என்று தோன்றினாலும் பெரும்பாலான பரிசோதனைகளின் தரம் போதாது, எனவே உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. இருக்கலாம் என்பதை ஒரு தரப்பும் முடியாது என்பதை மறுதரப்பும் எடுத்துக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. அக்குபங்சரில் போலிச் சிகிச்சை என்று ஒன்றை எப்படி உண்டாக்குவது? மாத்திரை என்றால் மாவு மாத்திரை கொடுக்கலாம். ஊசிக்கு? 1998-இல் ஜெர்மனியில் ஷ்ட்ரைட்பெர்கர் என்ற ஆய்வாளர் ஒரு தந்திரம் செய்தார். நாடகத்தில் குத்தும் கத்தி பிடிக்குள் நழுவிப்போகுமே, அதுபோல முனை மழுங்கிய ஊசி. தோலில் பட்டதும் தன் கைப்பிடிக்குள்ளேயே ஏறிக்கொள்ளும், பார்ப்பவருக்கு உள்ளே இறங்கியது போலிருக்கும். ஆனால் அந்த மழுங்கல் முனையும் தோலைத் தொடுகிறது, அழுத்துகிறது, நரம்பைத் தூண்டுகிறது. ஆகவே போலி ஊசியும் பாதிச் சிகிச்சைதான், அதோடு ஒப்பிட்டால் உண்மையான ஊசியின் பலன் குறைவாகத்தானே தெரியும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். மழுங்கல் ஊசியும் உணர முடியாத மின்சாரமும் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன என்றால், அந்தப் பாதிக்குப் புள்ளியும் வேண்டாம், ஆழமும் வேண்டாம், பயிற்சி பெற்ற கையும் வேண்டாம். யோத்தெபோரியில் மூன்றாவது பிரிவுக்கு ஊசியே கிடையாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது, அளவு பற்றியது. வாரம் இரண்டு முறை என்பது ஒரு அளவே அல்ல, சீனாவில் தினசரி போடுகிறார்கள், அரை வயிற்றுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு ஆள் தேறவில்லை என்கிறீர்களே என்பது. இதை என்னால் முற்றாகத் தள்ள முடியவில்லை. 2015-இல் சீனாவில் 862 பேரை வைத்து நடந்த பெரிய பரிசோதனையில், ஆறு மாதத்தில் இறந்தவர்களும் முடங்கியவர்களும் அக்குபங்சர் குழுவில் 20.7 சதம், மற்றதில் 25.8 சதம். தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய வித்தியாசம் என்றுதான் புள்ளியியல் சொன்னது. பத்து அமர்வுகளாவது பெற்றவர்களை மட்டும் தனியே எடுத்தபோது பலன் தெரிந்தது. ஆனால் யார் பத்து அமர்வு வரை வருவார்? நிலைமை மோசமானவர் நடுவிலேயே நின்றுவிடுவார். தேறிக்கொண்டிருப்பவர்தான் தொடர்ந்து வருவார். மீதிக் கணக்கை மட்டும் வைத்து வரவைச் சொல்வது போன்றது அது. இதைவிட வலுவான சாட்சி 2024 ஜனவரியில் வந்தது: பக்கவாதத்தால் பேச்சுத் திணறும் 252 சீன நோயாளிகளுக்கு ஆறு வாரத்தில் முப்பது அமர்வுகள், எதிரே போலி ஊசிக் குழு, இரண்டு பக்கமும் பேச்சுப் பயிற்சி. உண்மையான ஊசி பெற்றவர்களின் பேச்சு மேலாகவே தேறியது. ஒழுங்காக நடந்த ஆய்வு. அதில் ஊசி உண்டு, மின்சாரம் இல்லை. தேறியது பேச்சு, கை கால் இல்லை. வேறு நாட்டில் வேறு கைகள் இதைத் திரும்பச் செய்து இதே பதில் வந்தால் நான் மேலே எழுதியதில் ஒரு பத்தியையாவது மாற்ற வேண்டியிருக்கும்.

நவீன மருத்துவம் தன் பிள்ளைக்கு ஒரு சட்டம், ஊரார் பிள்ளைக்கு ஒரு சட்டம் வைக்கிறது என்ற குற்றச்சாட்டையும் பார்த்துவிடலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்செட்டின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு அதைக் கொடுத்தால் கை கால் வேகமாக மீள்கிறது என்று 2011-இல் பிரான்சில் 118 பேரிடம் நடந்த பரிசோதனை சொன்னது. கொள்கை அழகாக இருந்தது, எலிகளும் ஆமோதித்தன, உலகெங்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2018-இல் பிரிட்டனில் 3127 பேரிடம் செய்து பார்த்தபோது மீட்சியில் பலன் பூஜ்யம். எலும்பு முறிவுதான் கூடியது. இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. பிசியோதெரபிஸ்ட் கிடைக்காத ஊரில் குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து வீட்டில் உடற்பயிற்சி செய்யவைத்தால் என்ன என்பது அதன் யோசனை. யாருக்குத்தான் பிடிக்காது அந்த யோசனை? 2017-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த முடிவு, வழக்கமான கவனிப்பைவிட அதில் கூடுதல் பலன் இல்லை என்றது. மாத்திரை, குடும்பப் பாசம், ஊசி என்று மூன்றையும் ஒரே தராசில்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

பலன் நிச்சயமில்லை, சரி, கெடுதல் இல்லையே, போட்டால் என்ன என்று கேட்கும் குடும்பங்களின் மனம் புரிகிறது. தேர்ந்தவர் கையில் கெடுதல் பெரும்பாலும் குறைவுதான். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு இந்தப் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டலாம். வலிப்பு வந்தவரிடம் கவனம் வேண்டும். நெஞ்சில் ஆழமாக இறக்கிய ஊசி நுரையீரலைத் துளைத்த சம்பவங்கள் உண்டு. பெரிய கெடுதல் ஊசியில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறியதும் முதல் நாலரை மணி நேரத்துக்குள் சிடி ஸ்கேன் எடுத்து, அடைப்புதான் என்று உறுதியானால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும். பெரிய குழாய் அடைப்பு என்றால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் கம்பியை விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கிறார்கள். அந்த நேரத்தில் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் வேறெந்தப் புள்ளியையும் தேடிக்கொண்டிருப்பது நிமிடத்துக்கு 19 லட்சம் செல் விகிதத்தில் செலவு. பிற்பாடு, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, கணக்கு வேறு மாதிரி. ஒரு குடும்பத்திடம் இருக்கும் காசும், நோயாளியிடம் இருக்கும் தெம்பும் அளவானவை. ஆட்டோ பிடித்து, படியேற்றி, முக்கால் மணி நேரம் படுக்கவைத்து, திரும்பக் கூட்டிவந்தால் அன்றைய தெம்பு தீர்ந்தது. அதன் பிறகு யார் எழுந்து நின்று பழகுவது? பிசியோதெரபிக்கு மேல் கூடுதலாக, வலிக்கோ தூக்கத்துக்கோ ஆறுதலாக இருக்கிறது என்று ஒருவர் மின் அக்குபங்சர் எடுத்துக்கொண்டால் நான் தடுக்கமாட்டேன். பிசியோதெரபிக்குப் பதிலாக என்றால் தடுப்பேன்.

படுக்கவைத்து என்று எழுதினேன். விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் அந்த முடிச்சு. சியூஃபூ மாவின் குழு 2020-இல் செய்த முந்தைய ஆய்வில் ஒரு விசித்திரம் உண்டு. எலியின் வயிற்றில் கொஞ்சம் பலமான மின்சாரத்தை, நோய் உண்டாக்கும் நச்சைச் செலுத்துவதற்கு முன்பே கொடுத்தால் அழற்சி குறைந்தது. அழற்சி கிளம்பிய பிறகு அதையே கொடுத்தபோது நிலைமை மோசமானது. அதே புள்ளி, அதே மின்சாரம். மாறியது நேரம் மட்டுமே. 2021-இல் ‘லான்செட்’ வெளியிட்ட இன்னொரு பரிசோதனையில் இந்த நேரம் என்பதே சிகிச்சையாகியது. பக்கவாதம் வந்து ஒன்பது மாதம் முதல் பத்து ஆண்டு வரை ஆனவர்கள், 108 பேர், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும். இனிமேல் பெரிதாக எதுவும் மீளாது என்று கைவிடப்படும் கட்டம் அது. தானாகத் தேறினார் என்ற சந்தேகத்துக்கு அங்கே இடம் குறைவு. அத்தனை பேருக்கும் அறுவை சிகிச்சை செய்து, கழுத்தில் வேகஸ் நரம்பைச் சுற்றி ஒரு கருவியைப் பொருத்தினார்கள். பாதிப் பேருடைய கருவியில் மட்டும் மின்சாரம் வந்தது. மற்றவர்களுக்குக் கருவி இருந்தும் மின்சாரம் இல்லை. போலிச் சிகிச்சை என்றால் இப்படி இருக்க வேண்டும். பிறகு எல்லோருக்கும் ஒரே மாதிரியான கைப்பயிற்சி. 66 மதிப்பெண் கொண்ட கை இயக்க அளவுகோலில் மின்சாரம் பெற்றவர்கள் சராசரியாக 5 மதிப்பெண் முன்னேறினார்கள், மற்றவர்கள் 2.4. பிரமாதமான எண் இல்லை. ஆனால் உண்மையான எண். அதே ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தது.

அங்கே மின்சாரம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். நோயாளி மேசைமுன் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு டம்ளர். கையை நீட்டி அதை எடுக்க முயல்கிறார். விரல்கள் டம்ளரை நோக்கிப் பிரியும் அந்தக் கணத்தில், பக்கத்தில் நிற்கும் சிகிச்சையாளர் பொத்தானை அழுத்துகிறார். அரை நொடி மின்சாரம். டம்ளரைத் திரும்ப வைக்கிறார். மறுபடி நீட்டுகிறார், மறுபடி அரை நொடி. ஓர் அமர்வில் இப்படி நூற்றுக்கணக்கான தடவை, வாரக்கணக்கில். இப்போது செய்தது சரி, இதைப் பிடித்துக்கொள் என்று மூளைக்குச் சொல்லும் அடையாளமாக அந்த அரை நொடி வேலை செய்கிறது என்பது விளக்கம். மின் அக்குபங்சரில் நோயாளி கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். கை எதையும் எடுக்க முயல்வதில்லை. மின்சாரம் அரை மணி நேரம் தன்பாட்டுக்கு ஓடுகிறது. எலி ஆய்வுகளிலும் பெரும்பாலும் எலி மயக்கத்திலோ கட்டுண்டோதான் கிடந்தது. ஊசிக் கிளிப்பை மாட்டிய கையோடு நோயாளியை உட்காரவைத்து, டம்ளரை நோக்கிக் கை நீளும்போது மட்டும் குமிழைத் திருப்பி, எதிரே மின்சாரம் வராத அதே கிளிப்போடு இன்னொரு குழுவையும் அதே டம்ளரை எடுக்கச் சொல்லிப் பார்த்தால் என்ன வரும்? ஊசியை நம்புகிறவர்கள் செய்துகாட்ட வேண்டிய பரிசோதனை அது. அதற்குப் பெரிய செலவு ஆகாது: ஏற்கெனவே இருக்கும் அதே பெட்டி, அதே ஊசி, கூடவே ஒரு நாற்காலியும் மேசையும் டம்ளரும்.